முப்பத்திரண்டு டிகிரி

மழை விட்டுவிட்டது போலிருக்கிறது, ஆனால் உங்கள் கை இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. இந்த டம்ளரைப் பிடித்துக்கொள்ளுங்கள். டீ பிடிக்காவிட்டால் குடிக்க வேண்டாம். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் சும்மா வைத்துக்கொண்டிருங்கள். ஐந்து நிமிடத்தில் விரல் நுனிவரை சூடு வந்துவிடும். முப்பத்தொரு வருஷமாக என்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் நான் முதலில் செய்வது இதுதான்.

அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், சுவர்ப் பக்கமாகத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். நான் நின்றுகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்தால் வலது கால் ஆட ஆரம்பித்துவிடுகிறது. ஆறு நாளாக இப்படித்தான். கையால் அழுத்திப் பிடித்தால் நிற்கிறது, விட்டால் மறுபடியும் ஆடுகிறது. நீங்கள் அதையே பார்க்காதீர்கள்.

ஆஸ்பத்திரி விசாரணைக் குழுவிலிருந்து வருவதாகச் சொன்னீர்கள். நல்லது. எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன். உள்ளே தங்கை படுத்திருக்கிறாள். அவள் அறைக் கதவும் திறந்திருக்கிறது, வாசல் கதவும் திறந்திருக்கிறது. நாம் பேசுவது அவளுக்குக் கேட்கும். கேட்கட்டும். அவளுக்குத் தெரியாதது இனிமேல் இந்த வீட்டில் ஒன்றும் இல்லை.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது எளிதாகப் புரியும். ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் கடைசி அறை என்னுடையது. நரம்பில் சேதி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும் அறை. உங்கள் முழங்கையில் ஓர் இடத்தில் சின்னதாக மின்சாரம் தட்டுவேன். கட்டைவிரல் அடியில் ஒட்டியிருக்கும் பட்டனுக்கு அது வந்து சேர எத்தனை நேரம் ஆகிறது என்று இயந்திரம் எழுதும். அதே நரம்பை மணிக்கட்டிலும் ஒருமுறை தட்டுவேன். இரண்டு இடத்துக்கும் நடுவில் டேப் வைத்து அளப்பேன். தூரத்தை நேர வித்தியாசத்தால் வகுத்தால் வேகம். நல்ல கை நரம்பில் சேதி ஒரு விநாடிக்கு ஐம்பது, அறுபது மீட்டர் ஓடும். நீங்கள் கொசுவை அடிக்க நினைத்ததும் கை அதன்மேல் இருக்கிறதே, அதற்குக் காரணம் அந்த வேகம்தான்.

நரம்பின் மேல் கொழுப்பால் ஆன உறை ஒன்று உண்டு. முழு நீளத்துக்கும் ஒரே உறையாக இல்லாமல், துண்டு துண்டாக, நடுநடுவே சின்ன இடைவெளி விட்டுப் போர்த்தியிருக்கும். சேதி ஊர்ந்து போவதில்லை. ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவித் தாவிப் போகும். சில நோயில் உடம்பே அந்த உறையை அரித்துவிடும். அப்போது தாவ முடியாமல் சேதி தடுமாறும். வேகம் முப்பதுக்கு வந்துவிடும். கை கால் மரக்கும், பலம் குறையும், சிலருக்கு நடையே போய்விடும்.

வேகம் முப்பதுக்கு வர இன்னொரு காரணமும் இருக்கிறது. கை குளிர்ந்திருந்தால் போதும்.

அந்த இடைவெளிகளில் சின்னச் சின்ன வாசல்கள் இருக்கின்றன. குளிரில் அவை சோம்பலாகத் திறக்கும், சோம்பலாக மூடும். ஒரு டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் போய்விடும். அதனால்தான் தோலின் சூடு முப்பத்திரண்டு டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டு சோதனை செய்ய வேண்டும் என்று விதி. இதை எனக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் கற்றுத்தரவில்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அந்த அறையில் தரை துடைக்கத்தான் சேர்ந்தேன். பழைய டெக்னீஷியன் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்து, அவர் வீசிப் போட்ட புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, அவர் ஓய்வு பெற்றபோது அவர் நாற்காலிக்கு வந்தேன்.

வருகிறவர்கள் எனக்கு வெந்நீர் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். வெந்நீர்ப் பை, சூட்டு விளக்கு, கம்பளித் துண்டு, எல்லாம் என் அறையில் உண்டு. ஒருவர் கையையும் சில்லென்று நான் தொட்டதில்லை. என் தங்கை கையைத் தவிர.

அவள் எனக்குப் பதினெட்டு வயது இளையவள். அம்மா போகும்போது அவளுக்கு ஐந்து வயது. அப்பா அதற்கு முன்பே வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டார், அவரைப் பற்றி எழுத வேண்டியதில்லை. பார்க்கிறவர்கள் நான்தான் தாய் என்று நினைப்பார்கள், நானும் திருத்தமாட்டேன். எனக்கு வந்த இரண்டு வரன்களும் குழந்தையை விடுதியில் சேர்க்கச் சொன்னார்கள். எனக்கு அது தோதுப்படவில்லை. இதை ஒரு தியாகமாகச் சொல்லவில்லை. எனக்கு அவள் தூங்கும் சத்தம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வளர்ந்து பல் செய்கிற வேலைக்குப் போனாள். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து மெழுகில் பல் செதுக்கி, பிறகு வார்த்து, மெருகேற்றிக் கொடுப்பது. அவள் விரலில் கண் இருந்தது. வழியில் யாராவது சிரித்தால், "அக்கா, மேல் வரிசையில மூணாவது என்னோடது" என்பாள். என் வேலையைக் கேலி செய்வதில் அவளுக்குச் சலிப்பே வராது. "ஊரெல்லாம் கரண்ட் பட்டா ஆஸ்பத்திரிக்கு ஓடி வர்றாங்க. உன்கிட்ட மட்டும்தான் வரிசைல நின்னு வாங்கிட்டுப் போறாங்க" என்பாள்.

அச்சுப் பெட்டிகளை டாக்டர்களிடமிருந்து வாங்கி வந்து கொடுக்க ஒருவன் வருவான். அவனை அவள் பார்சல் என்றுதான் கூப்பிடுவாள். முதலில் பெட்டியோடு வந்தான், பிறகு பெட்டி இல்லாமலும் வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை இதே வாசலில் நிறுத்திவைத்துவிட்டு உள்ளே வந்து, "அக்கா, பார்சல் வந்திருக்கு. நீதான் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கணும்" என்றாள். நான் சிரித்தேன். நல்ல பையன்தான். அவனிடம் ஒரு குறையும் கிடையாது. இதை நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம்.

இருவரும் கல்யாணம் செய்துகொண்டு கடலோரத்தில் இருக்கும் பெரிய ஊருக்குப் போய்த் தனியாகப் பல் பட்டறை வைப்பதாகத் திட்டம். ரயிலில் இரண்டு நாள் தூரம். "நீயும் வந்துடு" என்று அவள் சொன்னாள், உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் பார்த்து வைத்திருந்த வீட்டின் படத்தைக் காட்டியபோது அதில் ஓர் அறைதான் இருந்தது.

புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது அவளுக்கு வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப் போயின. காலையில் எழுந்தால் கையை உதறுவாள். நாள் முழுதும் மணிக்கட்டை மடக்கி வைத்துச் செதுக்குகிறவர்களுக்கு வருவதுதான். மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை உண்டு, அதற்குள் நரம்பு நசுங்கும். பட்டை கட்டி ஒரு மாதம் ஓய்வு கொடுத்தால் போய்விடும். எதற்கும் ஒரு சோதனை பார்த்துவிடலாம் என்று நான்தான் வரச் சொன்னேன்.

அன்றைக்கும் இப்படித்தான் மழை. பார்சலின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து நனைந்து வந்தாள். கீழே அவன் காத்திருந்தான். இருவரும் பயணத்துக்குப் பெட்டி வாங்கப் போக வேண்டும், கடை மூடிவிடும். "சீக்கிரம்க்கா" என்று நின்றபடியே கையை நீட்டினாள். அன்று சூட்டு விளக்கின் பல்பு போய்விட்டிருந்தது. வெந்நீர்ப் பையை அவளுக்கு முன்னால் வந்த பெரியவருக்குக் கொடுத்திருந்தேன். சரி, சொந்தத் தங்கைதானே என்று அப்படியே பட்டனை ஒட்டிவிட்டேன்.

இன்னொன்று. சோதனைத் தாளில் தோலின் சூடு என்று ஒரு கட்டம் இருக்கும். காலையில் வந்ததும் அன்றைக்கு வேண்டிய தாள்களை எடுத்து எல்லாவற்றிலும் அந்தக் கட்டத்தில் முப்பத்திரண்டு என்று எழுதி அடுக்கி வைத்துவிடுவேன். எப்படியும் எல்லாரையும் சூடாக்கித்தானே சோதிக்கப் போகிறோம், ஒவ்வொருவருக்கும் பேனாவைத் தேடுவானேன் என்று. இருபது வருஷப் பழக்கம். அதில் ஒருநாளும் தப்பு வந்ததில்லை.

தங்கையின் தாளிலும் முப்பத்திரண்டு இருந்தது. வேகம் முப்பத்து நான்கு என்று வந்தது.

இரண்டு கையும், ஒரு காலும் பார்த்தேன். எல்லாமே மெதுவாகத்தான் ஓடின. பயந்துவிட்டேன், அது நடிப்பில்லை. தாளை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்கு ஓடினேன். அவர் என்மேல் மிகுந்த நம்பிக்கை வைத்திருந்தவர். "வெந்நீரம்மா தாள் வந்தா நான் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுவேன்" என்று எல்லாரிடமும் சொல்வார். சுத்தியலால் தங்கையின் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளி எழுந்தது. இந்த நோயில் அப்படித் துள்ளக் கூடாது. அவர் சுத்தியலைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு தாளைப் பார்த்தார். "சில பேருக்கு இது கொஞ்ச நாள் இருக்கும்" என்றார். உறையை அரிக்கும் நோய்தான், ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், மாத்திரை தொடங்கலாம், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்றார்.

அன்று பார்சலைத் தனியாக அனுப்பிவிட்டு அவள் என்னோடு பஸ்ஸில் வந்தாள். பத்து வயதுக்குப் பிறகு முதல் தடவையாக என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இறங்க மறந்து நான்கு நிறுத்தம் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தோம்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன். மழைத் தண்ணீர், குழாயில் ஐஸ் மாதிரி கொட்டியது. கழுவி முடித்து ரவிக்கை ஊக்கைப் போடப் போனால் விரல் மடங்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது தெரிந்துவிட்டது. என்ன நடந்தது என்று முழுசாக, ஒரு விநாடியில் தெரிந்துவிட்டது.

காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். காலையில் அவள் என் படுக்கையில், என் போர்வைக்குள் இருந்தாள். சாயங்காலம் சொல்லலாம் என்று வேலைக்குப் போனேன்.

சூடான பாத்திரத்தைத் தொட்டால் கை தானாகப் பின்னால் வருகிறது, பார்த்திருப்பீர்கள். அந்த முடிவை மூளை எடுப்பதில்லை. சேதி தண்டுவடம் வரை போய் அங்கேயே திரும்பிவிடுகிறது. கை வெளியே வந்த பிறகுதான் மூளைக்கே தெரியும். நான் சொல்லாமல் இருந்ததும் அப்படிப்பட்டதுதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். யோசித்துச் செய்ததில்லை, வாய் தானாகப் பின்வாங்கியது என்று.

டம்ளரை வைத்துவிட்டீர்களா? சரி, கை இப்போது தேவலை.

பார்சல் நான்கு மாதம் விடாமல் வந்தான். இங்கேயே இருந்துவிடுகிறேன், கடலோரம் எதற்கு என்றான். ஒருநாள் வாசலில் என்னைத் தனியாகப் பிடித்தான்.

"அக்கா, டாக்டர் என்னதான் சொல்றார்? எங்கிட்ட உள்ளதைச் சொல்லுங்க."

"உள்ளதைத்தான் சொல்றேன் தம்பி. கை போகலாம், நடை போகலாம். பிள்ளைங்களுக்குக்கூட வரலாம்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகத்தையா நான் கட்டிக்கப் போறேன்? விடுங்கக்கா" என்று சிரித்துவிட்டு உள்ளே போய் அவள் பாதத்தைத் தேய்த்துவிட உட்கார்ந்தான். யாரோ சொன்னார்களாம், எண்ணெய் போட்டுத் தேய்த்தால் நரம்பு வளரும் என்று.

எந்தப் புத்தகத்திலும் அப்படிப் போட்டிருக்கவில்லை. அது பிள்ளைகளுக்கு வருகிற நோயும் இல்லை.

அவனிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் தங்கையிடம் பேசினேன். அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே, மெதுவாகத்தான் கேட்டேன். "அவனுக்கு என்ன வயசு? முப்பத்திமூணு. உன்னைத் தூக்கிக்கிட்டு எத்தனை வருஷம் நடப்பான்?"  அடுத்த ஞாயிறு அவன் வந்தபோது கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே பேசி அனுப்பிவிட்டாள். அவன் வெளியே வெகுநேரம் நின்றிருந்தான். "கையெழுத்தாவது போட்டுக் குடு, திருப்பி அனுப்பினதா" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். பயணத்துக்கென்று அவன் வாங்கி வந்திருந்த நீலப் பெட்டி மட்டும் தங்கிவிட்டது. கைப்பிடியில் விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல் இருந்தது. அதில் அவளுடைய ஆஸ்பத்திரித் தாள்களைப் போட்டு வைத்தேன். நீங்கள் முந்தாநாள் ஆள் அனுப்பி எடுத்துப்போனீர்களே, அந்தத் தாள்கள்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை பார்க்க வேண்டும் என்று பெரிய டாக்டர் எழுதியிருந்தார். இரண்டாவது தடவை வந்தபோது பல்பு மாற்றியிருந்தேன். விளக்கைப் போட்டிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். டாக்டரே குணமாகிவிட்டது என்று மகிழ்ந்திருப்பார், என் தப்பும் வெளியே வந்திருக்காது. அதையும் யோசித்தேன். யோசித்துவிட்டு, "தாழ்வாரத்துல குழாய் இருக்கு, கையை நல்லா முழங்கைவரை கழுவிட்டு வா, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பட்டன் ஒட்டாது" என்றேன். கழுவிவிட்டு வந்தவளைக் குளிர் இயந்திரத்துக்கு நேர் கீழே உட்கார வைத்து, கம்பியைத் தேடுகிற மாதிரி பத்து நிமிடம் தேடினேன். நான் செய்தது அவ்வளவுதான். ஊசி குத்தவில்லை, விஷம் கொடுக்கவில்லை. தண்ணீரும் காற்றும்தான்.

வேகம் முப்பத்தொன்று. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்.

அந்த மாத்திரையைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். ஸ்டீராய்டு. நோய் இருந்தால் அது அமுதம். அவள் முகம் முதல் வருஷமே நிலா மாதிரி உப்பிவிட்டது. அது தொடைச் சதையையும் தின்னும். இரண்டாம் வருஷம் நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. நோய் முற்றுகிறது என்று எல்லாரும் சொன்னார்கள், மாத்திரை இன்னும் கூடியது, தொடை இன்னும் மெலிந்தது. விரலும் மரக்கிறது என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். பொய்யில்லை. உன் நரம்பு அரிபட்டுக்கொண்டிருக்கிறது என்று ஒருத்தியிடம் தினமும் சொன்னால், மூளை காவல்காரன் மாதிரி விரல் நுனியிலேயே போய் உட்கார்ந்துவிடும். சும்மா இருக்கும் விரல்கூட மரத்த மாதிரிதான் இருக்கும். இப்போது உங்கள் இடது கால் சுண்டுவிரலை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு நேரம் அது இருந்ததே உங்களுக்குத் தெரியாது, இல்லையா?

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதிக்கலாம் என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். அவள் பயந்தாள். நானும் வேண்டாம் என்றேன். தாள்தான் தெளிவாக இருக்கிறதே, அவளை எதற்கு வதைப்பது என்றேன்.

மூன்றாம் வருஷம் குளியலறையில் வழுக்கி என் முன்பல் ஒன்று உடைந்தது. பாருங்கள், இதுதான். பல் எது, செய்தது எது என்று உங்களால் சொல்ல முடியாது. தங்கை செய்தது. பழைய பட்டறையிலிருந்து மெழுகும் கத்தியும் வரவழைத்து, இந்த மேஜையில்தான், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இரண்டு நாள் செதுக்கினாள். நேராகச் செய்தால் பொய்ப்பல் என்று தெரியுமாம், அதனால் பக்கத்துப் பல்மேல் மயிரிழை சாய்த்து வைத்தாள். நான் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு இதே இடத்தில் நின்றிருந்தேன். ஒரு நடுக்கம் இல்லை. மூளையிலிருந்து விரல் நுனிவரை, ஒரு நரம்பில்கூடக் குறை இல்லாத கை அது. உலகத்தில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பல்லை என் வாயில் பொருத்திவிட்டு முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் முகம் பழைய முகமாக இருந்தது.

"பாத்தியாக்கா, கை இன்னும் வேலை செய்யுது. டாக்டர் சொல்ற அளவுக்கெல்லாம் இல்லை. எனக்கு என்னவோ சரியாயிட்டு வருதுன்னுதான் தோணுது."

"அப்படியே இருக்கட்டும்டி. அடுத்த வாரம் டெஸ்ட் இருக்குல்ல, பாத்துடலாம்" என்றேன்.

அந்த வாரம்தான் முதல் தடவையாக ஐஸ் பையை வாங்கினேன். ஊசி மருந்து வைக்கும் பெட்டியில் ஒளித்து வைத்து, துணி சுற்றி, சோதனைக்கு முன்னால் இது புது முறை என்று சொல்லி முழங்கை முதல் உள்ளங்கைவரை கால்மணி நேரம் வைத்தேன். வேகம் இருபத்தெட்டு. அவள் தாளை வாங்கிப் பார்த்தாள், எண்களைப் படிக்க அவளுக்கு அதற்குள் பழகிவிட்டிருந்தது. திருப்பி என் கையில் கொடுத்துவிட்டு, "சரிக்கா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அதற்குப் பிறகு கத்தியைத் தொடவில்லை.

அவளை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். ஒருநாள் மாத்திரை தவறியதில்லை. ஒருநாள் அவள் அழுக்குத் துணியோடு படுத்ததில்லை. மாலையில் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன், சீட்டாடுவோம், அவள் ஏமாற்றி ஜெயிப்பாள். நன்றாகத்தான் இருந்தோம்.

எட்டாம் வருஷம் இடுப்பு வலி என்றாள். அந்த மாத்திரைக்கு இன்னொரு குணம் உண்டு. தொடை எலும்பின் மேல்நுனி பந்து மாதிரி இருக்கும். அதற்குப் போகிற ரத்தத்தை மாத்திரை நிறுத்திவிடும். எலும்பு உயிரோடு இருக்கிற உடம்பிலேயே செத்துப் பொடியாகும். அவளுக்கு இரண்டு பக்கமும் ஆகிவிட்டது. சென்ற மாதத்திலிருந்து அவளால் எழுந்து நிற்கவே முடியாது, ஒரு கணம்கூட. கட்டிலில் புரண்டு படுக்கவே ஆள் வேண்டும்.

அதற்குள் பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் நாற்காலிக்குப் புது டாக்டர் வந்தாள், சின்னப் பெண். இடுப்புக்கு அறுவை சிகிச்சை செய்வதற்கு முன் பழைய தாளெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். நீலப் பெட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்பது வருஷத்துத் தாள்கள், பதினெட்டு. மேஜையில் சீட்டுக்கட்டு மாதிரிப் பரப்பி வைத்துக்கொண்டாள். தங்கை சக்கர நாற்காலியில் என் பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா, வேகம் குறைஞ்சிருக்கு, சரி" என்றாள் புது டாக்டர். "அலை ஏன் இவ்வளவு உயரமா இருக்கு?"

இதைச் சொல்ல மறந்துவிட்டேன். நோய் தின்ற நரம்பில் அலை மெதுவாக வரும், வரும்போது சிதறிக் குட்டையாக வரும். குளிர்ந்த நரம்பில் அலை மெதுவாக வரும், ஆனால் நிமிர்ந்து உயரமாக வரும். வாசல்கள் மூடத் தாமதிப்பதால் அப்படி. பெரிய டாக்டர் வேகத்தின் கட்டத்தை மட்டும்தான் படிப்பார். இவள் படத்தையே பார்த்தாள்.

"லேம்ப் ஃப்யூஸ் போயிருந்தது" என்றேன்.

"பதினெட்டு தடவையுமா?"

 புது டாக்டர் எழுந்து, தங்கையின் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு என் அறைக்குப் போனாள். என்னுடைய வெந்நீர்ப் பையைத்தான் எடுத்தாள். தங்கையின் கையை அதில் வைத்து, சூட்டுமானியை ஒட்டி, முப்பத்திரண்டு தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தட்டினாள். தங்கையின் கட்டைவிரல் துள்ளியது. திரையில் ஐம்பத்தெட்டு என்று வந்தது.

தங்கை திரையைப் பார்த்தாள். அப்புறம் வெந்நீர்ப் பையைப் பார்த்தாள். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரி, யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

 வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடத்தியதும் இரண்டே வார்த்தை பேசினாள். "கதவைத் திறந்து வை" என்றாள். "என் பெட்டியைக் கொண்டா" என்றாள். நீலப் பெட்டியைக் காலியாக்கிக் கொண்டுபோய்க் கட்டில் பக்கத்தில் நிறுத்தினேன். அதன்பிறகு என்னிடம் ஒரு சொல் இல்லை. என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் கட்டில் காலியாகும்வரை என்று அனுப்பினார்களே ஒரு நர்ஸ் பெண், அவள்தான் எல்லாம் செய்கிறாள். தங்கை பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். நான் அந்த வழியில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் கால் ஆடுகிறதே, அதனால்.

எழுதிக்கொள்ளுங்கள். முதல் தடவை தப்பு. மற்றப் பதினேழும் நான் தெரிந்து செய்தவை. போடாத விளக்கு, குழாய், குளிர்க்காற்று, ஐஸ் பை, எல்லாம் நான். அவளுக்கு ஒரு நோயும் இருந்ததில்லை. பார்சலிடம் சொன்னது பொய். அவள் இடுப்பு எலும்பு பொடியானதற்கு அந்த மாத்திரைதான் காரணம், அந்த மாத்திரைக்கு நான் காரணம். முன்பு சொன்னேனே, கை தானாகப் பின்வாங்குவது என்று, அதை வேண்டுமானால் அடித்துவிடுங்கள். தண்டுவடத்துக்குக் குழாயைத் திறக்கத் தெரியாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

நாளைக்கு ஆம்புலன்ஸ் வரும், அவளைத் தூக்கிக்கொண்டு போவோம் என்கிறீர்கள். போங்கள். நாலு பேர் தூக்கிக்கொண்டு போவது வேறு, அவளாகப் போவது வேறு.

ஒன்றை மட்டும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள் மகளே. எல்லாம் அவளுக்குத் தெரிந்து இன்றோடு ஆறு நாள். பெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. இரண்டு கதவும் இரவும் பகலும் திறந்தே கிடக்கின்றன, நான் ஒரு தடவைகூடச் சாத்தவில்லை. ஒன்பது வருஷம் நான் பயந்தது எதற்கு என்று எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது. எட்டிப் பாருங்கள். அவள் போகவில்லை.